மண்ணும் நீரும் மருந்தாகுமோ?

மண் மருந்து, நீர் மருந்து, வெயில் மருந்து, பட்டினியும் மருந்து என்று கேட்போர் காது புளிக்கும்வரை பேசித் திரிந்த காலம் ஒன்று நமக்கும் இருந்தது. நெடுநாள் நம்மை வாட்டிய வயிற்று வலி, ஈரமண் பட்டியாலும் உணவு ஒழுக்கத்தாலும் தணிந்தது. அன்றே நாம் இயற்கை மருத்துவத்தின் அடியார் ஆகிவிட்டோம்! கோயில் அடியாரைக் கண்டால் கேலி பேசும் நாம், தொட்டியில் அமர்ந்து இடுப்புக் குளியல் எடுப்பதைத் தொழுகை போலவே நடத்தினோம். செருமனி நாட்டு லூயி கூனேயின் நூல் நமக்கு வேதமாயிற்று. வேதம் என்று எதையும் ஏற்கமாட்டோம் என்று மேடையில் அறைகூவியவர்களும் நாமே என்பதை அன்று எவரும் நமக்கு நினைவூட்டவில்லை.

நம் தமக்கையார் காலில் உடைமுள் தைத்தது. சர்க்கரை நோய் அவரைப் பற்றி எட்டாண்டுகள் ஆகியிருந்தன. முள்ளைப் பிடுங்கி எறிந்தார். வலியே இல்லை என்றார். இரண்டு நாளில் விரலிடுக்கில் சிறு புண் தெரிந்தது. மருத்துவமனைக்குப் புறப்பட்டவரைத் தடுத்தது யார்? நாமேதான். "வலியில்லாத புண்ணுக்கு வைத்தியரா? உடலே ஆற்றிக்கொள்ளும், கொஞ்சம் பொறுங்கள்" என்றோம். ஆற்றோரத்து மண்ணைச் சலித்து, குழைத்து, நம் கையாலேயே புண்ணின்மேல் பூசினோம். பழச்சாறு கொடுத்தோம். மாத்திரைகளை நிறுத்தச் சொன்னோம். ஒரு நாளன்று, இரு நாளன்று, பன்னிரண்டு நாட்கள்! பதின்மூன்றாம் நாள் காய்ச்சலில் அவர் பிதற்றத் தொடங்கியபோது, விரல்கள் இரண்டு கறுத்திருந்தன.

மருத்துவர் நம்மைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "வலிக்கவில்லை என்று சொன்னாரே, அதுதான் ஐயா நோய்" என்றார். சர்க்கரை மிகுந்த குருதி நாளடைவில் கால் நரம்புகளின் உணர்ச்சியைக் கொல்லும். சிறு குழாய்களில் குருதியோட்டம் குறையும். உணர்ச்சி செத்த காலில் புண் வளர்வதைப் புண்பட்டவரே அறியார். மண்ணிலோ இரணசன்னியை உண்டாக்கும் நுண்ணுயிர் உறங்கிக் கிடக்கும். திறந்த புண் அதற்குத் திறந்த வாயில். இவற்றையெல்லாம் அவர் அமைதியாக விளக்கினார். விரல்கள் இரண்டும் அகற்றப்பட்டன. கால் பிழைத்தது, தமக்கையாரும் பிழைத்தார்.

ஊன்றுகோலின்றி நடக்கத் தொடங்கிய அன்று, அவர் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று. சாமித்தோப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டுமாம்!

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண்ணால் கெட்ட கால், மண்ணும் நீரும் கொடுத்து நோய் தீர்த்தாராம் என்று ஊர் சொல்லும் ஒருவரின் இடத்துக்கே போக விரும்புகிறதே! மறுக்க நமக்கு வாயில்லை. மறுக்கும் உரிமையை அந்தப் பன்னிரண்டு நாட்களிலேயே இழந்துவிட்டோம். புறப்பட்டோம்.

நாகர்கோவிலிலிருந்து தென்கிழக்கே, சுசீந்திரத்தைக் கடந்து, தென்னையும் பனையும் நெருங்கி நிற்கும் அகத்தீசுவரம் வட்டத்து மணல்பாங்கிலே இருக்கிறது அவ்வூர். 1809-ஆம் ஆண்டு அங்கே ஓர் ஏழைக் குடியில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். கீழ்ச்சாதிப் பிள்ளைக்கு முடியா, அதைச் சூடுவதா என்று மேற்சாதியினர் பொங்கினராம். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. ஆள் வளர்வதற்கு முன்பே பெயரை வெட்டிக் குறைத்த கொடுமையைப் பார்த்தீர்களா?

அன்றைய திருவிதாங்கூரின் நிலை அப்படி. சாணார் என்று இழித்துரைக்கப்பட்ட மக்கள் குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பொன் நகை பூணக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டுபோகவும் கூடாது! குடத்தை எங்கே வைப்பது என்பதைக்கூடச் சாதி சட்டமாக்கி வைத்திருந்த நாடு அது. தீண்டாமை அங்கே கோயிலில் மட்டும் குடியிருக்கவில்லை. கிணற்றடியில் இருந்தது, குடத்தில் இருந்தது, இடுப்பில் இருந்தது.

முத்துக்குட்டி இளமையிலேயே கடும் நோயுற்றார். 1833-ஆம் ஆண்டு மாசித் திருவிழாவுக்கு உறவினர் அவரைத் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்றனர். அங்கே கடலுள் புகுந்தார், மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிப்பட்டார் என்பது அவரைப் போற்றுவோரின் நம்பிக்கை. நம்புவோர் நம்புக. நமக்குத் தெரிவது இது: நோயாளியாய்ப் போனவர் நலம் பெற்று மீண்டார், மீண்டவர் தமக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொள்ளவில்லை, நோயுற்றுக் கிடந்த தம் மக்கள் பக்கம் திரும்பினார்.

அவரிடம் வந்த நோயாளருக்கு அவர் கொடுத்தவை மண்ணும் நீருமே என்று வழிவழிச் செய்தி கூறுகிறது. மந்திரமில்லை, தாயத்தில்லை, ஆடு கோழி வெட்டிக் குருதி காட்டும் படையல் இல்லை. பேயோட்டுகிறேன், பில்லி நீக்குகிறேன் என்று ஏழையின் கோவணத்தில் முடிந்த காசையும் உருவிய மந்திரவாதிகளின் பிழைப்பில் அவர் மண்ணள்ளிப் போட்டார். மண்ணால் செய்த மருத்துவங்களுள் அதுவே தலைசிறந்தது என்போம் நாம்!

அதே காலத்தில், கடல் பல கடந்து, ஆசுதிரியப் பேரரசின் சிலேசியா நாட்டு மலைச் சிற்றூராகிய கிராபென்பெர்க்கில் இன்னொருவர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். பெயர் வின்சென்ட் பிரீசுனிட்சு. 1799-இல் பிறந்தவர், உழவர் மகன், மருத்துவப் பள்ளியை மிதித்தறியாதவர். இளமையில் வண்டி ஏறி அவர் விலா எலும்புகள் முறிந்தன. இனி இவன் உழைக்க உதவான் என்று மருத்துவர் கைவிட்டார். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். செய்தி பரவியது, நோயாளர் குவிந்தனர். மருத்துவர்கள் சும்மா இருப்பார்களா? சூனியக்காரன் என்றார்கள். அவர் நீர் தொட்டுத் துடைத்த கடற்பஞ்சில் மாயம் இருக்கிறது என்று அதை எடுத்துச் சோதித்தும் பார்த்தார்கள். பஞ்சில் இருந்தது தண்ணீர்தான்! இன்று உலகெங்கும் நீர் மருத்துவம் என்றும் இயற்கை மருத்துவம் என்றும் வழங்கும் முறைக்கு அந்த உழவரே முன்னோடி.

இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தோம். 1839-ஆம் ஆண்டு ஏறத்தாழ 1500 நோயாளர் கிராபென்பெர்க் நோக்கித் திரண்டனர். அவர்களில் கோமகன்களும் இளவரசர்களும் இருந்தனர். அதே 1839-இல்தான் வைகுண்டர் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையினின்று வெளிவந்தார். சுவாதித் திருநாள் மன்னரின் ஆட்சியில் 110 நாட்கள் அவர் அடைபட்டுக் கிடந்ததாகச் சொல்வர். இருவரும் மறைந்த ஆண்டும் ஒன்றே: 1851. அங்கே நீரைத் தொட்ட உழவர் மகனுக்கு மாளிகைகள் எழுந்தன. இங்கே நீரைத் தொட்ட ஏழை மகனுக்குச் சிறைக்கதவு திறந்தது. நீரில் வேறுபாடு உண்டா? இல்லை. அங்கே நீர் வெறும் நீர். இங்கே நீருக்கும் சாதி உண்டு! அங்கே மருத்துவர் சங்கத்தின் பொறாமை ஒன்றுதான் எதிர்ப்பு. இங்கே அரசு, ஆலயம், ஆதிக்கம் மூன்றும் எதிர்ப்பு.

சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு என்று ஒரு கிணறு உள்ளது. வைகுண்டர் அதை எல்லாச் சாதியினருக்கும் பொதுவாக்கினார். பக்கம் பக்கமாக நின்று நீராடுக, ஒரே நீரைப் பருகுக, பின் ஒன்றாக அமர்ந்து உண்ணுக என்றார். கடலோரத்து வாகைப்பதியில் 700 குடும்பங்களைத் தங்கச் செய்து துவையல் தவசு நடத்தினார். நாள்தோறும் மும்முறை நீராடல், உடுத்தியதைத் துவைத்து உடுத்தல், ஒருவேளை மட்டும் மரக்கறி உணவு என்பன அதன் ஒழுங்குகள். தவம் என்றால் காட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அமர்வது என்று ஏடுகள் எழுதிவைத்த நாட்டிலே, துணி துவைப்பதையே தவமாக்கினார் ஒருவர்!

இதைப் படிக்கும் இயற்கை மருத்துவ அன்பர்கள், "ஆகா, பார்த்தீர்களா! நுண்ணுயிரைப் பற்றிய அறிவு வருமுன்பே தூய்மையின் உண்மையைக் கண்டுவிட்டார் எம்மவர்" என்று துள்ளக்கூடும். பொறுங்கள் தோழர்களே! நாமும் அப்படித் துள்ளியவர்கள்தாம். அந்தத் துள்ளலுக்கு விலை இரண்டு விரல்கள்.

இலண்டன் மாநகரின் பிராடு தெருவில் 1854-இல் காலரா பாய்ந்தது. சான் சுனோ என்னும் மருத்துவர் வீடு வீடாய்ச் சென்று சாவுக் கணக்கெடுத்தார். இறந்தோரில் மிகப் பலர் ஒரே குழாய்க் கிணற்று நீரைக் குடித்தவர் என்று கண்டார். அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோயின் நுண்ணுயிரை இராபர்ட்டு கோக்கு கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்ததோ 1884-இல். எண்ணிப் பாருங்கள். சாவைப் பரப்பிய அந்தக் கிணறும் பொதுக் கிணறுதான்! பலர் நீராடும் பொதுக் கிணறு நோயைத் தீர்க்கும் என்று எந்த அறிவியலும் சொல்லாது. காவாதிருந்தால் நோயைப் பரப்பும் என்றுதான் சொல்லும். ஆகவே முத்திரிக் கிணற்றின் பெருமையை அதன் நீரில் தேடுவோர் ஏமாறுவர். அதன் மருந்து நீரில் இல்லை. கிணற்றைத் திறந்துவிட்ட கையில் இருந்தது.

அவர் தீர்க்க முனைந்த நோய் எது? காய்ச்சலும் கழிச்சலும் மட்டுமா? நாம் தாழ்ந்தவர் என்று தாழ்ந்தவரே நம்பிய நோய். குனிந்தே நடந்து கூனிய முதுகு. அதற்கு எந்த மருந்துக் கடையில் குளிகை கிடைக்கும்? அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைப் பாருங்கள். தலையில் துணி கட்டக் கூடாது என்றிருந்த மக்களை, தலைப்பாகை கட்டி நில் என்றார். வழிபடும் இடத்தில் சிலை வைக்கவில்லை, நிலைக்கண்ணாடி வைத்தார். யாரைத் தேடி வந்தாயோ அவன் இதோ நிற்கிறான், பார் என்றார். 1836-இல் சமத்துவ சமாசம் கண்டார் என்பர். சமத்துவம் என்ற சொல்லையே அமைப்பின் பெயராக்கத் துணிந்தவர், எந்நோய்க்கு மருந்து தேடினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மருந்து உடனே பலித்துவிடவில்லை. மார்பை மறைக்கும் உரிமைக்குத் தோள்சீலைப் போராட்டம் 1822-இலிருந்து பல கட்டங்களாக நடந்து, 1859-இல்தான் அரசாணை பிறந்தது. வைகுண்டர் மறைந்து எட்டாண்டுகளுக்குப் பின்! அவர் ஊருக்கு அண்மையில் உள்ள சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே 1926-இல் அறப்போர் தொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு வைக்கத்தில் தந்தை பெரியார் சிறை புகுந்தார். கோயில் நுழைவு அறிக்கை வந்தது 1936-இல். ஒரு கிணற்றில் தொடங்கிய மருத்துவம் ஒரு தெருவை அடைய ஒரு நூற்றாண்டு பிடித்தது!

இதே மண்ணில் மற்றொரு மருத்துவமும் வேர்விட்டது. 1838-இல் ஆர்ச்சிபால்டு இராம்சே என்னும் மருத்துவர் நெய்யூரில் இலண்டன் மிசன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். கத்தியும் கட்டும் களிம்பும் நாஞ்சில் நாட்டுக்கு வந்தன. மண்ணும் நீரும் கொடுத்தவர் ஒருபுறம், அறுவைக் கத்தி கொண்டு வந்தவர் மறுபுறம். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலம், சில கல் தொலைவு. ஒன்று தன்மானத்தைக் கொடுத்தது. மற்றொன்று உயிரைக் காத்தது. இரண்டையும் எதிரிகளாக்கி, ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட வேண்டும் என்று எண்ணியது நம் மடமை.

இயற்கை மருத்துவத்தையே நாம் தள்ளவில்லை. புதுக்கோட்டை இலட்சுமண சர்மா போன்றோர் அதற்கு நூல் எழுதி வாழ்நாளைக் கொடுத்தனர். காந்தியார் 1946-இல் உருளிகாஞ்சனில் ஏழைகளுக்கென அம்முறையில் பணி தொடங்கினார். இன்று அது அரசு கல்லூரியிலும் கற்பிக்கப்படும் பட்டப் படிப்பு. அளவான உணவு, நடை, தூய நீர், உறக்கம் ஆகியவற்றின் நன்மையை மறுப்பார் யார்? ஆனால் எந்த நோய்க்கு எது எல்லை என்று கேட்காத நம்பிக்கை, அது மண்ணின்மேல் வைத்ததாயினும் மகேசன்மேல் வைத்ததாயினும், மூடநம்பிக்கையே! நெற்றியில் திருநீறு பூசியவரை எள்ளிய நாம், காலில் மண் பூசியபோது அறிவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டோம்.

சாமித்தோப்பின் வாயிலில் நின்றோம். ஆடவர் சட்டையைக் களைந்து தலைப்பாகை கட்டித்தான் உள்ளே செல்ல வேண்டும். நாம் அணிந்திருந்ததோ கறுப்புச் சட்டை! வெளியிலேயே நின்றுவிடலாமா என்று எண்ணினோம். தமக்கையார் நம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்போது தோன்றியது. இந்தத் தலைப்பாகை சடங்காவதற்கு முன்பு கலகமாக இருந்ததல்லவா? இதைக் கட்டியதற்காக அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா இங்கே நிற்போர்? சட்டையைக் கழற்றித் தோளில் இட்டோம். துண்டை எடுத்துத் தலையில் கட்டினோம். தொழுவதற்காகக் கட்டவில்லை. கட்ட முடியாதிருந்தவர்களை நினைத்துக் கட்டினோம்.

கிணற்றடியில் தமக்கையார் கால் கழுவினார். எட்டு விரல்கள். நாம் செம்பை ஏந்தி நீர் ஊற்றினோம். விரலற்ற இடத்தில் தழும்பு வெளுத்திருந்தது. அந்த இடத்தில் நீர் விழுந்தபோது நம் கை நடுங்கியது. அவர் சிரித்தார்.

"மண்ணுக்கும் மருந்துக்கும் என்னடே சண்டை? சண்டை போட்டது நீயில்லா!"

இதைவிடச் செறிவாக எந்த அறிஞரும் இப்பொருளை உரைத்ததில்லை. அவர் எழுந்து, பையிலிருந்த மாத்திரையை எடுத்து, அந்தக் கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று நம்மிடம் கொடுத்து வைத்திருந்த புட்டித் தண்ணீரை வாங்கி விழுங்கினார். பிறகு கண்ணாடியின் முன் சென்று நின்றார். நம்பிக்கையும் மாத்திரையும் அவரிடம் சண்டையின்றி வாழ்கின்றன. சண்டை நம்மைப் போன்ற அரைகுறை அறிவாளிகளிடந்தான்.

திரும்பும் வழியெல்லாம் நமக்கு ஒரு கவலை. கண்ணாடியைக் காட்டி, கடவுளை உன்னுள் பார் என்று சொன்னவரைக் கடவுளாக்கிவிட்டால், அவர் திறந்த கிணற்றின் கதவு மெல்ல மூடிவிடாதா? மருத்துவரைத் தெய்வமாக்கிய ஊரில், அவர் எழுதிய மருந்துச் சீட்டைப் படிப்பார் உண்டா? 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் இன மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே அது வெளிப்பட்டது. வைகுண்டர் மறைந்து 171 ஆண்டுகள் கழித்து! நீரை மருந்தாக்கியவர் பிறந்த தமிழ் நிலத்தில், நீரை நஞ்சாக்கும் கையும் இருக்கிறது. எந்த மண் பட்டியால் அந்நோயைத் தீர்ப்பீர்? எந்த இடுப்புக் குளியலால் அந்த அழுக்கைக் கழுவுவீர்?

தோழர்களே! சாமித்தோப்பு மருத்துவரை மதிக்க வேண்டுமா? மண்ணை எடுத்து நெற்றியில் இடுவது உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் ஊர்க் கிணற்றடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். குழாயடியில் எவர் குடம் எவர் குடத்துக்கு ஒதுங்கி நிற்கிறது என்று பாருங்கள். தூய நீர் எல்லாச் சேரிக்கும் வருகிறதா, மருத்துவர் எல்லா ஏழைக்கும் கிட்டுகிறாரா என்று கேளுங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளர் இருப்பின், இன்றிரவே அவர் பாதங்களைக் கையில் ஏந்தி, விரலிடுக்கெல்லாம் விளக்கொளியில் பாருங்கள். வலியில்லை என்று அவர் சொன்னால், நம்பிவிடாதீர்கள்.

நாட்டின் பாதத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அங்கும் வலியில்லை என்று சொல்வோர் பலர். உணர்ச்சி செத்த இடத்தில்தான் புண் ஆழமாக இருக்கும்.